ஏட்டு ஏகாம்பரமும் பங்காளி என்ற சொல்லும்

நான் இதை முன்பே சொன்னேன். ஒன்றல்ல, எல்லாவற்றையும் சொன்னேன். என் தங்கை கணவர், மாப்பிள்ளை ஏகாம்பரம் தோளில் நட்சத்திரம் ஏறாமலேயே ஓய்வு பெறுவார் என்று சொன்னேன், பெற்றார். படுக்கையில் கிடந்து யாருக்கும் வேலை வைக்க மாட்டார், ஒரு நாள் காலையில் சத்தமில்லாமல் போய்விடுவார் என்று சொன்னேன், போனார். அவர் சாவுக்குக் காடு தாண்டி ஆள் வரும் என்று சொன்னேன், வந்தது. மைசூர் அக்ரஹாரத்தில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஷாமியானா செல்வம் சொல்லி எது நடக்காமல் போயிருக்கிறது என்று.

செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாண சத்திரத்து வாசலில் ஏணி மேல் நின்று துணி கட்டிக்கொண்டிருந்தேன். இந்த வயதில் இருபதடி ஏணி ஏறுகிற ஆள் மைசூரிலேயே நான் ஒருவன்தான். தங்கை வசந்தாவின் போன். "அண்ணா, அவரு எழுந்திருக்கலண்ணா. டாக்டர் வந்து பாத்துட்டு ஆயித்துன்னு சொல்லிட்டாரு" என்றாள். ஆயித்து என்றால் முடிந்தது; எங்கள் வீட்டுத் தமிழில் துக்கம்கூடப் பாதி கன்னடத்தில்தான் வரும். நான் சொன்ன பதில், "சரிம்மா. எத்தனை நாற்காலி வேணும்?"

பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விட்டு நாற்பது வருடப் பழக்கம். சாவுச் செய்தி வந்தால் என் வாய் முதலில் கேட்பது அதைத்தான்.  அவள், "நீயே பாத்துப் போடு" என்று போனை வைத்துவிட்டாள். நான் கட்டிக்கொண்டிருந்த முடிச்சைக் கட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். நல்ல முடிச்சு. அழுகை வரவில்லை. அன்று வரவில்லை, இதை எழுதுகிற இன்று வரையிலும் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏகாம்பரம் போலீஸில் ஹெட் கான்ஸ்டபிள். நாம் ஏட்டு என்போம். அப்பா ரயில்வேயில் கார்டு. மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்தவர். அப்பாவும் ஒற்றைப் பிள்ளை, இவரும் ஒற்றைப் பிள்ளை. சித்தப்பா, பெரியப்பா என்று கூப்பிட வீட்டில் ஆளே கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவரைக் கவனித்துவிட்டேன். கேசரித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது எனக்குத்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டார். எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற ஆள் என்று அப்போதே வசந்தாவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் எட்டாவது வரை. எட்டாவதோடு பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது, நான் படிப்பை விடவில்லை. தமிழ், கன்னடம், உருது, கொஞ்சம் சமஸ்கிருதம் என்று எனக்கு ஆறு பாஷை தெரியும். மாப்பிள்ளைக்குத் தமிழில் ஏதாவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார். "மச்சான் ஒரு டிக்ஷனரி" என்று ஒரு தரம் இன்ஸ்பெக்டரிடமே சொல்லியிருக்கிறார். அந்த இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

கர்நாடகப் போலீஸில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி வேலை உண்டு. தமிழ்நாட்டு எல்லையில் பாலாற்றுப் பக்கம் ஏதாவது நடந்தால், சாட்சிகளெல்லாம் தமிழர்களாக இருப்பார்கள், காகிதமெல்லாம் கன்னடத்தில் இருக்கும். நடுவில் ஒரு வாய் வேண்டும். அந்த வாய் என் மாப்பிள்ளை. அவர் தொழில் செய்கிற விதத்தை நான் எல்லாரிடமும் சொல்லுவேன். சாட்சி தமிழில் சொல்வதைக் கேட்டுக் கன்னடத்தில் எழுதுவார். எழுதி முடித்ததும், அந்தக் கன்னடத்தை மறுபடி தமிழாக்கிச் சாட்சிக்கு வாசித்துக் காட்டுவார். "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்பார். ஆமாம் என்று வாயால் சொன்ன பிறகுதான் கையெழுத்தோ, கைநாட்டோ. தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். மற்றவர்கள் ஐந்து வாக்குமூலம் முடிக்கிற நேரத்தில் இவர் ஒன்று முடிப்பார். அதற்காகத் திட்டும் வாங்குவார்.

என் பெரிய மகள் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் அந்தக் கொலை நடந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒரே வம்சத்தின் இரண்டு குடும்பங்கள். பெரிய வீடு, சின்ன வீடு என்று பேர். அண்ணன் தம்பி வழியில் வந்தவர்கள். ஆற்று மணல்தான் தொழில். இரண்டு மாநிலத்திலும் லாரி ஓட்டி, இரண்டு மாநிலத்திலும் ஆள் வைத்து, கடைசியில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். பெரிய வீட்டு முத்தையனை அந்தப் பக்கத்தில் வெட்டி, உடலை இந்தப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். கேஸ் நம் போலீஸுக்கு வந்தது. வெட்டியது சின்ன வீட்டு மாதேசன் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஆள் கிடைக்கவில்லை, வாய் திறக்கவும் யாருமில்லை. மைசூரிலிருந்து ஒரு தனிப்படை போனது. நாற்பது பேர், ஆறு ஜீப். மாப்பிள்ளை கேட்டால் ஒரு ஜீப், ஐந்து பேர் என்பார். அவர் எப்போதும் குறைத்துத்தான் சொல்லுவார். ஆற்றில் ஏழு முதலை. அதையும் அவர் இரண்டு என்றுதான் சொன்னார். நான் அந்த ஜீப்பில் இல்லை. ஆனால் இருந்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கோபிநத்தம் பக்கத்தில், அதே வம்சத்தில் பிறந்து மணலைத் தொடாமல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சின்னராசு. கொலை நடந்த மறுநாள் காலையில் மாதேசன் அவர் வீட்டில் சாப்பிட்டான் என்று துப்பு. கூட்டிவந்து விசாரித்தார்கள். மாப்பிள்ளை கேட்டு எழுதினார். அந்தப் பேச்சை அவர் வாயால் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அப்படியே தருகிறேன்.

"முத்தையன் உங்களுக்கு யாரு?"

"பங்காளிங்க."

"மாதேசன்?"

"அவனும் பங்காளிதானுங்க."

"வீட்டுக்கு வந்தானா?"

"வந்தானுங்க. பங்காளி வாசல்ல வந்து நின்னா வராதீன்னு சொல்ல முடியுங்களா? களியக் கரைச்சுக் குடிச்சுப்போட்டுப் போனானுங்க."

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு குழப்பமும் இருக்காது. ஒரே பாட்டன் வழி வந்தவர்கள், சாவென்றால் சேர்ந்து தீட்டுக் காத்து மொட்டை போடுகிறவர்கள், அவர்கள்தான் பங்காளிகள். ஆனால் கன்னடக் காகிதத்தில் அந்த இடத்தில் 'பாலுதார' என்று விழுந்துவிட்டது. கன்னடத்தில் பாலு என்றால் பங்கு. பாலுதார என்றால் தொழிலில் பங்கு போட்டுக்கொள்கிறவன், பார்ட்னர். எழுதவேண்டிய சொல் தாயாதி. அதை எழுதியிருந்தால் ஒன்றுமில்லை.

இப்போது அந்தக் காகிதத்தை இன்ஸ்பெக்டராக இருந்து படித்துப் பாருங்கள். செத்தவன் என் பார்ட்னர். வெட்டியவனும் என் பார்ட்னர். பார்ட்னர் வந்தால் வராதே என்று சொல்ல முடியுமா, சோறு போட்டு அனுப்பினேன். இதைவிட ஒப்புதல் வேண்டுமா? மாப்பிள்ளை வழக்கம்போல் திரும்ப வாசித்துக் காட்டினார். ஆனால் தமிழில் வாசிக்கும்போது 'பாலுதார' மறுபடி 'பங்காளி'யாகத்தானே வரும். "நீங்க சொன்னது இதுதானா?" என்றார். "ஆமாங்க" என்று சின்னராசு கைநாட்டு வைத்தார். சாட்சியாக வந்தவர் கொலைக் கேஸில் மூன்றாவது குற்றவாளி ஆனார். மைசூர் ஜெயில். ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் உள்ளேயே போனது.

அவர் மனைவி பழனியம்மா, ஆட்டை விற்றுவிட்டுப் பஸ் ஏறி வந்து, புருஷனைப் பார்க்க மனு கொடுத்துவிட்டு ஜெயில் வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். கன்னடம் ஒரு சொல் தெரியாது. ஒரு நாள் கைதி ஒருவரைக் கொண்டுவிட அங்கே போன மாப்பிள்ளை அவரைப் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலம் அக்ரஹாரத்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் டிபன் கடைக்கு வந்தார். செட் தோசை வந்தது. தொடவில்லை. பையிலிருந்து வாக்குமூலத்தின் நகலை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். "மாப்பிள்ளை, இங்க ஒரு கொலை நடந்திருக்கு" என்றேன். "எங்கே?" என்றார். "இந்த வரியில. பங்காளி வேற, கூட்டாளி வேற. பங்காளி நாம பொறக்கறப்பவே வந்துடறான். கூட்டாளியத்தான் நாம தேடிப் பிடிக்கணும். நீங்க பங்காளியக் கூட்டாளி ஆக்கிட்டீங்க." கடையே திரும்பிப் பார்த்தது. சப்ளையர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டான். இதை நான் நூறு கல்யாணத்திலாவது சொல்லியிருப்பேன். நம் மைசூர்த் தமிழர்களின் இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வாயாலேயே கேட்டிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவர் பேர் அப்போது பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தது. ஏஎஸ்ஐ. தோளில் ஒரு நட்சத்திரம். வசந்தா யூனிபார்முக்குத் துணிகூட எடுத்து வைத்துவிட்டாள். தவறை எழுத்தில் ஒத்துக்கொண்டால் விசாரணை வரும், நட்சத்திரம் போகும். ஒத்துக்கொள்ளாவிட்டால் சின்னராசு போவார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். கூப்பிட்டு உட்காரவைத்து, "பேடா ஏகாம்பரம். ஒரு சொல்லுக்காக முழுக் கேஸையும் ஒடைக்காதீங்க. கோர்ட்டு பாத்துக்கும்" என்றாராம். வேண்டாம் என்பதை இதற்குமேல் மரியாதையாகச் சொல்ல முடியாது.

மாப்பிள்ளை அன்று சல்யூட் அடித்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் வசந்தா கேட்டாள், "எழுதிக் குடுத்துத்தான் ஆகணுமா?" அவர் சொன்னது: "நான் திரும்பப் படிச்சுக் காட்டினேன் வசந்தா. அவரு ஆமான்னாரு. என்னை நம்பித்தான் ஆமான்னாரு." அவ்வளவுதான். மறுநாள் எழுதிக் கொடுத்தார். கன்னடத்தில் அரைப் பக்கம். கடைசி வரி, 'ஈ தப்பு நன்னதே.' இந்தத் தப்பு என்னுடையதே.

அதற்குள் பிடிபட்டிருந்த மாதேசனின் வக்கீல் கோர்ட்டில் அவரைத் தூக்கிப் போட்டு மிதித்தார். இந்த ஒரு சொல் தெரியாத ஏட்டு இதுவரை எழுதிய மற்ற வாக்குமூலங்களில் எத்தனை சொல் தெரியாமல் எழுதினார் என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தெரிஞ்ச தப்பு இது ஒண்ணு, ஸ்வாமி. இன்னொண்ணு தெரிஞ்சா அதையும் எழுதிக் குடுப்பேன்" என்றார். வேறு சாட்சியங்களை வைத்து மாதேசனுக்குத் தண்டனை கிடைத்தது. சின்னராசு விடுதலை. விசாரணை வந்தது. நட்சத்திரம் வரவில்லை. யூனிபார்ம் துணி பீரோவிலேயே இருந்தது. நான் சொன்னபடியேதான் நடந்தது.

அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் நான் இந்தக் கதையைச் சொல்லுவேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். யாராவது அவர் பக்கம் திரும்பி, "நெஜமாவா ஏட்டய்யா? அந்தச் சொல்லு இவரு சொன்னதா?" என்று கேட்பார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்லுவார்: "ஆமா. மச்சான் சொன்னதுதான்."

ஓய்வு பெற்ற பிறகு காலையில் நடப்பார், பேப்பர் படிப்பார், என் கடைக்கு வந்து நாற்காலியைத் துடைத்து அடுக்கித் தருவார். அடுக்கினதை ஒரு தடவை சரிபார்ப்பார். போன மாதம்கூட வந்தார். ஒரு நாற்காலியின் கால் ஆடுகிறது, தனியாக வை என்றார். வைத்தேன். அதே நாற்காலி சாவு வீட்டுக்கு வந்துவிட்டது. யாரோ அதில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மாற்றவில்லை.

கொள்ளி வைத்தது அவர் மகள் ரம்யா. பெங்களூரிலிருந்து வந்தாள். ஊரே கூடியது. எனக்குக் கம்பம் நட்டது ஞாபகமிருக்கிறது, முகங்கள் ஞாபகமில்லை.

பத்தாம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்சிமவாஹினியில், காவிரிக் கரையில் காரியம். சடங்கு செய்ய வந்தவர் பழக்கத்தில் கேட்டார், "பங்காளிங்கள்லாம் வந்து உக்காருங்க. மொட்டை போட்டுக்கணும்." யாரும் அசையவில்லை. ஒற்றைப் பிள்ளைக்கு ஒற்றைப் பிள்ளை, அவருக்கு ஏது பங்காளி? நான் மச்சான், எனக்கு அந்த இடம் கிடையாது. நாவிதர் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே, "யாருமில்லையா? சரி, விடுங்க" என்றார்.

"நானிருக்கேனுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சின்னராசு. நரைத்துப்போயிருந்தார். பின்னால் பழனியம்மா. சாவுச் செய்தி அவர்களுக்குத் தாமதமாகத்தான் போயிருக்கிறது. பஸ் மாறி மாறி அன்று காலையில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சட்டையைக் கழற்றி மடித்து மனைவி கையில் கொடுத்துவிட்டு, நாவிதர் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டார் சடங்கு செய்பவர்.

"பங்காளிங்க."

நாவிதர் அவர் தலையை நனைத்தார். வசந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடி ஈரக் கல்லில் விழுந்தது. அதை அவர் தானே கூட்டி எடுத்து ஆற்றில் விட்டார். "இந்தத் தண்ணிதானுங்க எங்கூருப் பக்கம் வருது" என்று என்னிடம் சொன்னார். நான் ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து என் ஷாமியானாவின் கீழே எல்லாரும் உட்கார்ந்தோம். சாப்பாட்டுக்கு நேரமிருந்தது. ரம்யாவின் ஆபீஸ்காரர்கள் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் அங்கிள் என்றார்கள். எனக்கு வாய் தானாகத் திறந்தது. நாற்பது பேர், ஆறு ஜீப், ஏழு முதலை, டிபன் கடை, செட் தோசை. பங்காளி நாம் பிறக்கும்போதே வந்துவிடுகிறான், கூட்டாளியைத்தான் நாம் தேடிப் பிடிக்கவேண்டும் என்கிற இடத்துக்கு வந்தபோது, எதிர் நாற்காலியில் பழனியம்மாவைப் பார்த்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்திவிட்டேன்.

"சொல்லுங்க" என்றார். "நல்லாத்தான் சொல்றீங்க. நான் அன்னிக்கு அழுதுக்கிட்டே சொன்னேனுங்க, இத்தனை நல்லா வல்லீங்க."

கோபமில்லை, கேலியில்லை. உள்ளதைச் சொன்னார். மற்றவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் எழுந்து போய் அந்த ஆடுகிற நாற்காலியைத் தேடி எடுத்து மடக்கி ஓரமாக வைத்தேன்.

ஆகவே இதில் ஓர் இடத்தை இங்கே திருத்துகிறேன். ஜீப்பையும் முதலையையும் விடுங்கள், அவை ஒருவரையும் ஜெயிலில் போடவில்லை. டிபன் கடையில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சொற்கள் பழனியம்மா ஜெயில் வாசல் மரத்தடியில் என் மாப்பிள்ளையிடம் சொன்னவை. அவர் அதைக் கடையில் வந்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தோசையைப் பார்த்தேன்.

ஏனென்றால், வாக்குமூலம் எழுதிய அன்று எல்லையிலிருந்து அவர் எனக்குப் போன் செய்தார். நான் ஒரு வரவேற்புப் பந்தலில் சீரியல் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாகஸ்வரம். "மச்சான், பங்காளின்னா கன்னடத்துல என்ன?" என்று கேட்டார். நான் யோசிக்கவேயில்லை. பங்கு என்றால் பாலு. ஆளி என்றால் தார. சுற்றி நின்ற பையன்களுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "பாலுதார. எழுதிக்கோங்க மாப்பிள்ளை." அவர் வழக்கம்போல, "நல்லாத் தெரியுமா?" என்று இரண்டாம் தரமும் கேட்டார். "என்னையே கேக்கறீங்களா?" என்றேன்.

அரைப் பக்கத் திருத்தக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். என் பேர் இருக்கிறதா என்று தேடித்தான் படித்தேன். இல்லை. 'ஈ தப்பு நன்னதே' என்று மட்டும் இருந்தது. எழுத்துப் பிழை ஏதுமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

போய் வாருங்கள் மாப்பிள்ளை. எத்தனையோ பந்தியில் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு பொய்யும் சொல்லாமல் என்னைக் காப்பாற்றிவிட்டீர்கள். மச்சான் சொன்னதுதான் என்றீர்கள். உண்மைதான், பாலுதார என் சொல்தான். இப்போது எழுதினதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

நான் சொன்னது இதுதான்.